சுருதிக்கு முன்னால் அறை: காட்பாடி வீட்டுப் பியானோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காட்பாடி காந்தி நகரில் ஒரு தனி வீடு. வீட்டின் மூத்தவர் ஓய்வுபெற்ற செவிலியர். அவருடைய பேத்திக்கு வயது 12; பியானோவில் கிரேடு தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மாஸ்டர்.

பியானோ 121 செ.மீ. உயரமுள்ள ஜப்பானிய அப்ரைட், கம்பிகள் நிமிர்ந்து நிற்கும் வகை. தொடர் எண்ணைப் பார்த்ததில் 40 வயதைத் தாண்டியிருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு குடும்பத்திடம் வாங்கி மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வந்த நாள் முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு ட்யூனர் வந்து சுருதி சேர்ப்பார். பொங்கல் கழிந்ததும் கலையத் தொடங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் கேட்கவே முடியாது. அடுத்த ஆண்டு வேறு ட்யூனரை அழைப்பார்கள். இப்படிப் பலர் வந்துபோயிருந்தார்கள்.

"வர்றவங்க எல்லாரும் நல்லாத்தான் பண்ணிட்டுப் போறாங்க தம்பி. ரெண்டு மாசத்துல திரும்ப அதே கதை" என்றார் அந்த அம்மா. குறையாகச் சொல்லாமல் ஒரு நோயாளியின் வரலாற்றைச் சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னார். காரணம் ட்யூனர்களிடம் இல்லாமல் இருக்கலாம் என்று எனக்கு அப்போதே பட்டது.

என்னை அழைத்தது ஆகஸ்ட் மாதத்தில். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் பேத்தி வாசிக்க வேண்டும், மார்ச்சில் தேர்வு. நான் பியானோக்களைப் பழுதுபார்த்துச் சுருதி சேர்ப்பவன்; வேலை செய்வது சென்னையில். அங்கிருந்து சுமார் 140 கி.மீ. தூரம் என்பதால், நினைத்தபோது எட்டிப் பார்த்துத் திருத்திவிட்டு வர முடியாது. முடிவுகள் சிலவற்றை இதுவும் தீர்மானித்தது.

முதல் முறை கண்டவை

சுருதிக் கருவியை எடுப்பதற்கு முன் முன்பலகை, கீழ்ப்பலகை இரண்டையும் கழற்றிப் பார்த்தேன்.

கட்டைகள்: 88-இல் நடுப்பகுதியைச் சேர்ந்த பல கட்டைகள் அழுத்தினால் திரும்ப எழும்பவில்லை, அல்லது சோம்பலாக எழும்பின. கழற்றியபோது தையல் மெஷின் எண்ணெய் வாடை வந்தது. கட்டை சிக்கும்போதெல்லாம் யாரோ இடுக்கில் இரண்டு சொட்டு விட்டிருக்கிறார்கள். தையல் மெஷினில் இரும்பு இரும்போடு உரசுகிறது. எண்ணெய் வேலை செய்யும். பியானோவின் கட்டைக்குள் இருப்பது உலோகப் பின்னைச் சுற்றி ஒட்டிய கம்பளித் துணி. எண்ணெய் பட்டதும் அது உப்பி, தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். முதல் வாரம் சரியாகிவிட்டதைப் போலத் தெரியும். அதனால்தான் மறுபடி மறுபடி விடுகிறார்கள். எண்ணெய் மேலே, கட்டையின் அசைவைக் கம்பிக்குக் கொண்டுபோகும் ஆக்‌ஷன் வரை போயிருந்தது. கம்பியை அடிக்கும் ஹேமர்கள் சிலவற்றின் அச்சுப் பின்களில் பச்சை நிறக் களிம்பு படிந்திருந்தது.

ஃபெல்ட்: கட்டைகளுக்கு அடியில் இருக்கும் வட்டக் கம்பளி ஃபெல்ட்டுகளில் கணிசமானவற்றை அந்துப் புழு தின்றிருந்தது. கட்டை சுமார் 10 மி.மீ. கீழே போய் நிற்க வேண்டும்; பல இடங்களில் அதைத் தாண்டிப் போனது. ஒரே விரல் அழுத்தத்துக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் வேறு வேறு ஆழத்தில் நிற்பதால்தான் சிறுமியின் விரலோட்டம் சீராக வரவில்லை. மாஸ்டர் அவளுடைய விரல்களைத் திருத்திக்கொண்டிருந்தார், பாவம். பியானோவின் அடிப்பகுதியில் அந்துருண்டைப் பொட்டலங்கள் கிடந்தன. இவ்வளவு இடைவெளிகள் உள்ள பெட்டியில் அந்தப் புகை புழுவைக் கொல்லும் அளவுக்குத் தங்காது.

கம்பிகள்: மேல் ஸ்தாயிக் கம்பிகளில், ட்யூனிங் பின்னை (கம்பியைச் சுற்றி முறுக்கும் ஆணி) ஒட்டிச் சுற்றிய இடத்திலும் அழுத்துச் சட்டத்தின் அடியிலும் துரு. அடித் தந்திகளில் சுற்றிய செம்பு கறுத்திருந்தது. அறுந்தது எதுவும் இல்லை.

சுருதி: நடு ஸ்தாயியின் ஏ (A) சுரம் 440 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது 430-இல் நின்றது. அரைச் சுரத்தை 100 சென்ட்டாகப் பிரித்தால் 40 சென்ட் இறக்கம். அதற்குக் கீழ் ஸ்தாயியின் ஏ இன்னும் அதிகம் இறங்கியிருந்தது. உச்சத்திலும் அடித் தந்திகளிலும் இறக்கம் குறைவு. எல்லாம் ஒரே அளவில் இறங்கியிருந்தால் அது வெறும் கவனிப்பின்மை. நடுப்பகுதி மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் சவுண்ட்போர்டு, அதாவது கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் மரப் பலகை, அசைந்திருக்கிறது என்று பொருள்.

ட்யூனிங் பின்கள்: முறுக்கு அளக்கும் கருவியை வைத்துப் பார்த்ததில் பெரும்பாலானவை இறுக்கமாகவே இருந்தன. அடித் தந்திப் பகுதியில் மட்டும் சில பின்கள் 40 இன்ச்-பவுண்டுக்கும் குறைவான விசையிலேயே திரும்பின. 50-க்குக் கீழே போனால் பின் நிற்குமா என்று கவலைப்பட வேண்டும்.

அறையைப் பார்த்தது

இந்த வழக்கில் மிகவும் பயன்பட்டது பியானோவுக்குள் பார்த்தது அல்ல, அறையைப் பார்த்ததுதான்.

பியானோ மேற்கு வெளிச்சுவரை ஒட்டி நின்றது. எதிர்ச்சுவரில் ஏசி, காற்று நேராகப் பியானோவின் மேல்மூடியில் வந்து விழும். அது பாட்டியும் பேத்தியும் தூங்கும் அறை. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மரமில்லா மலை என்று ஊரைப் பற்றி வழங்கும் பழைய பேச்சு பியானோவுக்கும் பொருந்தும்: பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் விடுகிறது, மேற்குச் சுவரும் அதையே செய்கிறது. அதனால் இரவு ஒன்பது மணிக்கு ஏசியை 18-இல் வைப்பார்கள். விடிகாலை ஐந்துக்கு அணைத்துவிட்டு, அந்த அம்மா எல்லா ஜன்னல்களையும் திறப்பார். மருத்துவமனைப் பழக்கம், காலைக் காற்று உள்ளே வர வேண்டும். மனிதர்களுக்கு அது நல்லதுதான்.

பியானோவுக்கு நடப்பது வேறு. இரவெல்லாம் ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, கம்பியையும் வார்ப்பிரும்புச் சட்டத்தையும் குளிர வைக்கிறது. ஐப்பசி மழைக்காலத்து விடியலில் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த இரும்பைத் தொட்டதும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வேர்ப்பதைப் போலக் கம்பி வேர்க்கிறது. துரு அங்கிருந்துதான் வந்தது.

சவுண்ட்போர்டு ஸ்ப்ரூஸ் மரப் பலகை. நடுவில் மெல்லிய மேடாக வளைத்துச் செய்யப்படுகிறது. ஈரம் ஏறினால் மரம் நார்க்குறுக்கே விரிந்து மேடு உயரும், மேலே நிற்கும் பிரிட்ஜ் என்ற மரத் தாங்கி கம்பிகளைத் தள்ளும், சுருதி ஏறும். காய்ந்தால் மேடு தணியும், சுருதி இறங்கும். டிசம்பரில், மரம் ஈரத்தில் ஊறி நிற்கும்போது 440-க்குச் சேர்த்த பியானோ, ஏப்ரலில் காய்ந்து இறங்குவது இயற்கை. இந்த வீட்டில் பருவத்துக்குப் பருவம் நடக்கும் அசைவுக்கு மேல், ஏசியால் தினமும் ஒரு அசைவு. ட்யூனிங் பின்கள் பதிந்திருக்கும் பின் பிளாக்கின் மரமும் சேர்ந்து விரிந்து சுருங்கியதால் பின்களின் பிடி தளர்ந்திருக்கிறது.

இதை ஊகமாக விடக் கூடாது என்று ஓர் ஈரப்பதமானியைப் பியானோவின் கீழ்ப்பலகைக்குள் வைத்து, தினமும் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து மணிக்கு எழுதி வைக்கச் சொன்னேன். செவிலியர் கையில் அட்டவணை கொடுத்தால் விடுபடாது. மூன்று வாரத்தில் பதிவான மிகக் குறைந்த அளவு 44 சதவீதம், மிக அதிக அளவு 81. இரண்டுமே ஒரே நாளில் வந்த நாட்களும் உண்டு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சுருதி கடைசியில். அறை இப்படி இருக்கும்வரை கம்பியைத் தொடுவதில்லை என்று சொன்னேன். மாஸ்டருக்கு இதில் உடன்பாடில்லை. "குழந்தைக்குக் காது இப்பத்தான் அமையுது சார். தப்பான சுருதியில தினமும் வாசிச்சா அதுவே மனசுல உட்கார்ந்துடும். முதல்ல சேர்த்துக் கொடுங்க, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஆகஸ்டில் சேர்த்தால் அக்டோபர் மழையில் கலையும். பிசுபிசுத்த கட்டைகளும் அப்படியே இருக்கும். அதோடு, தளர்ந்த பின்னையும் துருப்பிடித்த கம்பியையும் வீணாக ஒருமுறை முறுக்கியதாகும். தேவாலயத்திலிருந்து ஒரு மின்னணுக் கீபோர்டை இரண்டு மாதம் இரவல் வாங்குவது என்று பேசி முடித்தோம். காதுக்கு அது போதும்.

430-இலேயே விடுவதா, 440-க்கு ஏற்றுவதா. தனியாக மட்டுமே வாசிக்கும் வீட்டில், பழைய கம்பிகளை வருத்தாமல் இருக்கும் சுருதியிலேயே தன்னளவில் சேர்த்துவிடுவது கௌரவமான வழி. பல பழைய பியானோக்களுக்கு அதையே செய்கிறேன். இங்கே சிறுமி பாடகர் குழுவோடும் பாடுகிறாள், தேர்வில் கேள்விஞானப் பகுதியும் உண்டு. அதனால் 440 என்று முடிவானது. இதன் சுமையை வீட்டாரிடம் கணக்காகவே சொன்னேன். கம்பியின் இழுவிசை சுருதியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 40 சென்ட் ஏற்றினால் இழுவிசை ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். சுமார் 230 கம்பிகளும் சேர்ந்து முழுச் சுருதியில் 18 டன் இழுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், சட்டத்தின் மேல் புதிதாக ஏறுவது கிட்டத்தட்ட 800 கிலோ. கம்பி அறுவதற்கு வாய்ப்பு உண்டு என்பதை முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கினேன். வேலையின் நடுவில் அறுந்த பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் ஒலிக்கும்.

தளர்ந்த பின்கள். முறையான வழி, பின்னை எடுத்துவிட்டு ஓர் அளவு பருமனான பின் போடுவது. அதற்கு அடித் தந்தியைக் கழற்ற வேண்டும். 40 ஆண்டு பழைய செம்புச் சுற்றுக் கம்பி கழற்றி மாட்டுவதைத் தாங்காமல் போகலாம். அறுந்தால் அதே அளவில் சுற்றி வரவழைக்க வாரங்கள் ஆகும், கிறிஸ்துமஸ் தாண்டிவிடும். ஆகவே, தண்ணீரைப் போன்ற மெல்லிய சயனோ பசையை (சூப்பர் குளூ வகை)ப் பின்னடியில் ஊசியால் விட்டு மரத்தின் பிடியை மீட்கும் வழியைத் தேர்ந்தேன். இது நிரந்தரத் தீர்வு என்று சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிடிக்கும். பிடிக்காத பின்னைப் பிறகு மாற்றலாம்.

சூடேற்றும் கம்பி. பியானோவுக்குள் ஒரு சூட்டுக் கம்பி போட்டால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். சிலர் பல்பு எரிய விடுகிறார்கள்; தூசியும் ஃபெல்ட்டும் உள்ள பெட்டியில் அது ஆபத்து, நான் அனுமதிப்பதில்லை. கம்பியானாலும் ஈரத்தைப் பார்த்துத் தானாக அணையும் ஹியூமிடிஸ்டாட் இல்லாமல் போடக் கூடாது. சித்திரை வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தால் சவுண்ட்போர்டு விரிசல் விடும். இந்த வீட்டுக்கு, ஹியூமிடிஸ்டாட்டோடு ஒரு 25 வாட் கம்பி, மழைக்காலத்துக்கு மட்டும். அதுவும் அறையைச் சரிசெய்த பிறகுதான்.

வேலை நடந்த வரிசை

செப்டம்பர் தொடக்கத்தில் பியானோவை மேற்குச் சுவரிலிருந்து எடுத்து, கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள உட்சுவருக்கு மாற்றினோம்; சுவருக்கும் பின்பக்கத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. தொலைக்காட்சியை இடம் மாற்ற வேண்டியிருந்ததால் இதற்கு மட்டும் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கூடத்தில் ஏசி இல்லை. குறை என்று நினைத்தார்கள். பியானோவுக்கு அது நிறை. அடுத்த மூன்று வாரப் பதிவில் அளவு 55-க்கும் 70-க்கும் நடுவிலேயே நின்றது. 45 முதல் 60 வரை நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் ஊரில் அந்த எண்ணைத் துரத்துவதைவிட, கிடைக்கும் எண் அசையாமல் நிற்பது முக்கியம் என்பது என் அனுபவம். ஏறி இறங்கும் 50-ஐவிட, நிற்கும் 65 மேல்.

செப்டம்பர் கடைசியில் கட்டைகள் அனைத்தையும் எடுத்து எண் வரிசையில் அடுக்கி, உட்தளத்தைத் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்தோம். புழுவின் கூடுகள், பென்சில் துண்டு, இரண்டு பழைய நாணயங்கள். எண்ணெய் ஊறிய துணிப் புஷிங்குகளைச் சுரண்டி எடுத்துப் புதியவை ஒட்டினேன். பின்களை மெருகிட்டேன். தின்னப்பட்ட வட்ட ஃபெல்ட்டுகளை மொத்தமாகவே மாற்றினேன். பாதி பழசு, பாதி புதுசு என்று விட்டால் ஆழம் மறுபடி சீராக வராது. பச்சைக் களிம்பு பிடித்த அச்சுகளில் லைட்டர் திரவத்தால் கழுவி மீண்டவை சில. மீளாதவற்றுக்குப் பின்னும் துணியும் புதிது. இந்த வேலையில் அவசரம் உதவாது. ஓர் அச்சு கொஞ்சம் இறுகினால் ஹேமர் திரும்பாது. கொஞ்சம் தளர்ந்தால் கிடுகிடுக்கும்.

அக்டோபர் நடுவில், நாலு பேர் பிடித்துப் பியானோவை மெத்தையின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்துப் பசை விட்டோம். ஜன்னல் திறந்து, முகமூடி போட்டு, சிறுமியை அந்தப் பக்கமே விடாமல். ஒரு நாள் அப்படியே இருந்தது. நிமிர்த்திய பின் அளந்ததில் ஒன்றைத் தவிர எல்லாப் பின்களும் 60-க்கு மேல் வந்திருந்தன.

பிறகுதான் சுருதி. துருவின் பிடி விடுவதற்காக ஒவ்வொரு கம்பியையும் ஏற்றுவதற்கு முன் ஒரு முடி அளவு இறக்கினேன். முதல் சுற்று வேகமாக, 440-க்குக் கொஞ்சம் மேலேயே. பக்கத்துக் கம்பிகளை ஏற்ற ஏற்ற, முன்பு ஏற்றியவை இறங்கும். நடுப்பகுதியில் இறக்கத்தில் சுமார் கால் பங்கு கூடுதலாக வைத்தேன், 40-க்கு 10 சென்ட் என்ற கணக்கில். மேல் ஸ்தாயியில் ஒரு கம்பி அறுந்தது. மைக்ரோமீட்டரில் அளந்து அதே பருமனில் புதுக் கம்பி போட்டேன். புதுக் கம்பி பல வாரம் நீண்டுகொண்டே இருக்கும் என்பதால், அந்தச் சுரத்தின் மூன்று கம்பிகளில் அதை மட்டும் ரப்பர் ஆப்பால் அடக்கி, மற்ற இரண்டையும் ஒலிக்க விட்டேன். இரண்டாம் சுற்று அதே நாள். நுணுக்கமான மூன்றாம் சுற்று, வடகிழக்குப் பருவமழை பிடித்து மரம் நிலைத்த பிறகு, நவம்பர் கடைசியில். சூட்டுக் கம்பியும் அப்போதே பொருத்தப்பட்டது.

பிறகு நடந்தது

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வீட்டில் பயிற்சி முழுவதும் இந்தப் பியானோவில்தான். கட்டைகளின் ஆழம் சீரானதும் ஓட்டம் தானாக வந்தது என்று மாஸ்டர் சொன்னார். அதற்கு முன் விரல்களைத் திருத்தியதைப் பற்றி அவரே சிறுமியிடம் பேசியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்திருந்தது. மார்ச் தேர்வில் தேறினாள்.

உண்மையான சோதனை கத்திரி வெயில்தான். மே மாதம் அளந்தபோது நடுப்பகுதியில் இறக்கம் 8 சென்ட். உச்சியிலும் அடியிலும் 3, 4. காது கூர்மையானவர்களுக்குத் தெரியும்; வாசிக்கத் தடையில்லை. வெயில் ஏறி நிலைத்த அந்த நேரத்திலேயே ஒரு லேசான சுற்று சேர்த்தேன். இனி இந்த வீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை: மழை பிடித்து மூன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று, வெயில் நிலைத்த பிறகு ஒன்று. பண்டிகைத் தேதியைப் பார்த்துக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

பசையில் மீளாத அந்த ஒரு பின் ஜனவரியிலேயே நழுவத் தொடங்கியது. அடி ஸ்தாயியில் அந்தச் சுரம் மட்டும் அடிக்கடி ஊளையிடுகிறது. சவுண்ட்போர்டின் அடி மூலையில் கோடாக ஒரு விரிசல் இருக்கிறது. விலாச் சட்டத்திலிருந்து பலகை பிரியவில்லை, அதிரவில்லை, அதனால் தொடவில்லை. பழைய துருக்கறை கம்பிகளில் இருக்கிறது, புதிதாகக் கூடவில்லை.

கட்டைக்குள் எண்ணெய் விட்டது யார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் வேலைக்கு வரும் பெரியவர் ஒருவர் தானாகவே சொன்னார். நல்லெண்ணத்தில் செய்தது. சிக்கினால் அந்தக் கட்டையில் ஒரு துண்டு வண்ண நூல் கட்டி வைத்துவிட்டுப் பேசுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த முறை போனபோது ஒரு கறுப்புக் கட்டையில் சிவப்பு நூல் இருந்தது. புஷிங் கொஞ்சம் உப்பியிருந்தது, நிமிடத்தில் சரியானது.

மாற்றிக்கொள்பவை

ஈரப்பதப் பதிவு முதல் சந்திப்புக்குப் பிறகு தொடங்கியது. தொலைதூர வீடுகளுக்கு இனி ஈரப்பதமானியைக் கூரியரில் முன்னதாகவே அனுப்பி, ஒரு மாதப் பதிவு கையில் வந்த பிறகுதான் முதல் பயணம். அறையின் படத்தையும், ஏசி எந்தச் சுவரில், மேற்கு வெயில் எந்தச் சுவரில் என்ற குறிப்பையும் சேர்த்துக் கேட்கிறேன்.

முன்பு வந்துபோன ட்யூனர்கள் யாரும் ஒரு குறிப்புக்கூட விட்டுச்செல்லவில்லை. எந்தச் சுருதியில் எடுத்தார்கள், எதில் விட்டார்கள் என்று தெரிந்திருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே யாராவது அறையைப் பார்த்திருப்பார்கள். இப்போது முன்பலகையின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறேன்: தேதி, அன்றைய ஈரப்பதம், வந்தபோது ஏ-யின் சுருதி, போகும்போது சுருதி, செய்த வேலை. நாளை வேறொருவர் வந்தாலும் அங்கிருந்து தொடரலாம்.

நழுவும் அடிப் பின்னையும் அதன் தந்தியையும் அடுத்த பிப்ரவரியில் மாற்றுவதாக இருக்கிறது. பழைய தந்தியின் அளவை எடுத்துச் சுற்றக் கொடுத்தாயிற்று. பருமனான பின் வந்துவிட்டது. அதுவரை அந்தச் சுரத்தில் ரப்பர் ஆப்பு.